சொல்லும் பொருளும்: வோல்வா

ஷில்லாங்கில் வாழும் அன்பர் ஒருவர், தம் மகளின் தாவரவியல் நூலில் காளானைப் பற்றிய பகுதியில் 'வோல்வா' என்றொரு சொல் வருவதாகவும், அதன் பொருளையும் அதற்குரிய தமிழையும் தெரிவிக்க வேண்டுமெனவும் எழுதியுள்ளார். சொல் சிறிது, ஆயினும் உயிரோடு தொடர்புடையது.

இஃது இலத்தீன் சொல். சுருட்டுதல், சுற்றுதல் என்னும் வினையினின்று பிறந்தது என்பர். உறை, கருப்பை என்னும் பொருள்களில் வழங்கியது. காளான் நூலார் இதனை எப்பொருளில் ஆள்கின்றனர் என்பதை அறியத் தென்னம்பாளையை நினைத்துக்கொள்ளுங்கள். பூங்கொத்து முழுவதும் பாளைக்குள் அடங்கியிருந்து, பாளை வெடித்தபின் வெளிவருகிறதன்றோ? சில காளான்களும் இளமையில் முட்டை வடிவான உறை ஒன்றனுள் முழுதும் அடங்கியிருக்கின்றன. காம்பு நீண்டு குடை மேலெழும்போது உறை கிழிகிறது. கிழிந்ததன் கீழ்ப்பகுதி காம்பின் அடியில் பைபோலவோ கிண்ணம்போலவோ தங்கிவிடும். அதுவே வோல்வா. மேற்பகுதியின் துணுக்குகள் சிலவேளை குடையின்மேல் மருக்கள்போல ஒட்டியிருக்கும். காம்பின் மேற்பாதியில் பாவாடைபோல் தொங்கும் வளையம் வேறு. குடையின் உட்புறத்துத் தகடுகளை மூடியிருந்த மற்றோர் உறையின் எச்சம் அது. மாணவர் இவ்விரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவதுண்டு.

தமிழில் 'அடியுறை' என்பது மூலப்பொருளுக்கு அணுக்கமானது. எனினும் கண்ணால் கண்டவர் கிண்ணம் என்றே சொல்வர்; 'அடிக்கிண்ணம்' என்பதே எனக்கு உவப்பு. (காளானுக்கு 'ஆம்பி' என்னும் பழம்பெயரும் நமக்குண்டு. பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடிய புறப்பாட்டில், சமைப்பதை மறந்துபோன அடுப்பிலே ஆம்பி பூத்திருக்கும்.)

மிகக் கொடிய காளான்களுள் ஒன்றாகிய 'அமானிட்டா ஃபலாய்டிஸ்' இந்த அடிக்கிண்ணம் உடையது. கிண்ணம் பெரும்பாலும் மண்ணுக்குள் மறைந்திருக்கும். காம்பைக் கிள்ளிப் பறிப்பவர் அடையாளத்தை மண்ணிலேயே விட்டுவிட்டு, நஞ்சை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

அப்படியானால் கிண்ணமுடையன யாவும் நஞ்சோ என்றால், அன்று. நாம் விரும்பி உண்ணும் வைக்கோல் காளானுக்கும் அது உண்டு. 'வோல்வாரியெல்லா வோல்வேசியா' என அதன் பெயரிலேயே இச்சொல் இருமுறை அமைந்திருக்கிறது! கீழை நாட்டார் அதனை முட்டைப் பருவத்திலேயே சமைப்பர். இங்கேதான் இடர். 2011-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில் சீனச் சமையற்காரர் ஒருவர் காட்டுக்காளான் பறித்துச் சமைத்தார். அவரும் உடன் உண்ட ஒருவரும் மாண்டனர். பிறந்த நாட்டு வைக்கோல் காளான் என மயங்கிப் பறித்ததாகவே கருதப்பட்டது. அங்கே ஓக் மரத்தடியில் முளைப்பதோ ஃபலாய்டிஸ். ஊர்விட்டு ஊர் வந்த நாமும் இதனை எண்ணிப் பார்க்கத்தக்கது.

முதிர்ந்தபின் வேற்றுமை தெரியும். வைக்கோல் காளானுக்கு வளையம் இல்லை, நுண்வித்துத் தூள் இளஞ்சிவப்பு. மற்றதற்கு வளையம் உண்டு, தூள் வெண்மை. முட்டைப் பருவத்திலோ இவ்வடையாளங்கள் எவையும் உதவா. கிண்ணம் இல்லாமையும் நலத்துக்குச் சான்றாகாது. 'கேலரினா' என்னும் சிறு காளானுக்குக் கிண்ணம் கிடையாது, நஞ்சு அதே நஞ்சுதான். வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் வீண். வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அந்நஞ்சு அழியாது.

ஷில்லாங் அன்பருக்கு இது தொலைவிலுள்ள செய்தியுமன்று. 2022 ஏப்ரலில் அண்டை மாநிலமாகிய அஸ்ஸாமின் மேற்பகுதி மாவட்டங்களில் காட்டுக்காளான் உண்டு பத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுட் பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

இந்நஞ்சு உடனே வெளிப்படுவதில்லை. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பின்னர் ஒரு நாளளவு தணிந்து, குணமானதுபோலத் தோன்றும்; அந்த இடைவேளையிலேதான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். ஆகவே காட்டுக்காளான் உண்டபின் வயிறு கலங்கினால், தணியட்டும் என்று காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்க. எஞ்சிய காளான் இருப்பின் அதனையும், பறித்த இடத்தில் அடிக்கிண்ணம் கிடைத்தால் மண்ணோடு பெயர்த்து அதனையும் ஒரு தாளில் பொதிந்து உடன் கொண்டுசெல்க.