நகுலன் காட்டிய வழி



நவராத்திரி நெருங்குகிறது. மகாநவமியன்று சரஸ்வதி பூஜையோடு ஆயுத பூஜையும் நம் இல்லங்களில் நடைபெறும். எழுதுகோல், புத்தகம், தையல் இயந்திரம், அரிவாள்மணை என்று நமக்குச் சோறு போடும் பொருள்கள் யாவும் அன்று பூஜைக்கு வரும். சில குடும்பங்களில் இவற்றோடு இன்னொரு பொருளும் வெளியே வரும். அது முன்னோர் வைத்திருந்த கத்தி. வெள்ளிப் பிடி போட்ட பிச்சுவாவாகவோ, குலதெய்வத்தின் பெயரால் வைத்திருக்கும் சிறு வாளாகவோ, தாத்தா விரும்பி வாங்கிய கைவினைக் கத்தியாகவோ அது இருக்கலாம். காய் நறுக்கவும் பயன்படாது, சண்டைக்கும் பயன்படாது. ஆயினும் அதில் ஒரு குடும்பத்தின் நினைவு உறைந்திருக்கிறது.

அந்தக் கத்தியை எப்படித் துடைப்பது, எப்படிக் காப்பது என்பதே இவ்வாரச் செய்தி. பக்தி இதழில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். மகாபாரதத்தின் விராட பருவத்தை நினைவுகூர்வோம். அஞ்ஞாதவாசம் தொடங்குமுன் பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களை வன்னி மரத்தில் மறைத்து வைத்தார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மரத்தில் ஏறியவன் நகுலன். அவன் கைக்கு எட்டிய கிளையில் கட்டிவிட்டு இறங்கவில்லை. முறியாத கிளையாகவும், மழை நீர் புகாத இடமாகவும் பார்த்து அவற்றை இறுகக் கட்டினான் என்று வியாசர் சொல்கிறார். அதனால்தான் பின்னர் உத்தரன் ஏறிக் கட்டுகளை அவிழ்த்தபோது அந்த ஆயுதங்கள் ஒளி வீசின. அர்ச்சுனனின் வீரத்தைப் பேசும் நாம், நகுலனின் இந்தக் கவனத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

ஆயுத பூஜையின்போது நாம் அறியாமலே செய்யும் ஒரு காரியம் இந்தக் கவனத்துக்கு நேர்மாறானது. மெருகேறிய இரும்பின் மீது ஈரச் சந்தனத்தைக் குழைத்துப் பூசுகிறோம். அதன் மேல் குங்குமம் வைக்கிறோம். கத்தியின் நுனியில் எலுமிச்சம்பழத்தைச் செருகுகிறோம். பூவைச் சாத்திவிட்டு மறுநாள் வரை அப்படியே விடுகிறோம். சில வீடுகளில் அந்தப் பொட்டு அடுத்த ஆண்டு வரை கலையாமல் இருப்பதே புண்ணியம் என்றும் கருதுகிறார்கள்.

இரும்புக்குப் பகை ஈரமும் காற்றும். அவற்றோடு உப்போ புளிப்போ சேர்ந்தால் துரு விரைந்து பற்றும். எலுமிச்சைச் சாறு புளிப்பு. மரபுப்படி செய்யப்படும் குங்குமத்தில் மஞ்சளோடு படிகாரமும் வெண்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்கின்றன. சந்தனக் குழம்பில் நீர் உண்டு. பூவிலும் ஈரம் உண்டு. நம் விரல்களின் வியர்வையில் உப்பு இருப்பதால், மெருகேறிய கத்தியைக் கையால் தொட்டு அப்படியே வைத்தால் சில நாள்களில் ரேகை பதிந்த இடம் பழுப்பாகத் தெரியும். போதாக்குறைக்கு, பூஜை முடிந்து சில நாள்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. ஆண்டிலேயே ஈரம் மிகுந்த மூன்று மாதங்களுக்கு, பொட்டு வைத்த கத்தியை உறைக்குள் செருகிப் பெட்டியில் பூட்டிவிடுகிறோம். தை மாதம் திறந்து பார்த்தால் பொட்டு இருந்த இடத்தில் குழி விழுந்திருக்கும்.

கோயிலில் வேலுக்கு அபிஷேகம் செய்கிறார்களே, புளியிட்டுத் துலக்குகிறார்களே என்று கேட்கலாம். அந்த வேல் பெரும்பாலும் பித்தளையாகவோ பஞ்சலோகமாகவோ இருக்கும். அவற்றின் இயல்பு வேறு, இரும்பின் இயல்பு வேறு. பித்தளை விளக்கைத் துலக்கும் புளியும் எலுமிச்சையும் எஃகுக் கத்தியின் மேல் படவே கூடாது. இக்காலத்து எவர்சில்வர் கத்தியில் குரோமியம் கலந்திருப்பதால் அது எளிதில் துருப்பிடிக்காது. எனினும் உப்பும் ஈரமும் நெடுநாள் தங்கினால் அதிலும் புள்ளி விழும். பழைய கத்திகளோ பெரும்பாலும் சாதாரண எஃகினால் ஆனவை. அவற்றுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

அப்படியானால் பூஜையில் கத்தியை வைக்க வேண்டாமா? அவசியம் வைக்கலாம். சந்தனமும் குங்குமமும் கத்தியைத் தாங்கும் பலகைக்கோ, மரப் பிடிக்கோ, உறையின் வெளிப்புறத்துக்கோ இடலாம். கத்தியின் உடலிலேயே இட வேண்டும் என்பது குடும்ப வழக்கமானால், முன்கூட்டி மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்துவிட்டுச் சிறிய பொட்டாக வையுங்கள். எலுமிச்சையை நுனியில் செருகாமல் பக்கத்தில் வையுங்கள். விஜயதசமி காலையில் புனர்பூஜை முடிந்தவுடன், மற்றப் பொருள்களை அவற்றின் இடத்துக்கு எடுத்துச் செல்லுமுன், கத்தியைத் துடைத்துவிடுங்கள். துடைப்பதும் பூஜையின் ஓர் அங்கம்தான். நைவேத்தியப் பாத்திரத்தை யாராவது கழுவாமல் அலமாரியில் வைப்பார்களா?

இனி, துடைக்கும் முறை. நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். மேசை மேல் துணியை நான்காக மடித்துப் போட்டு அதன் மீது கத்தியைக் கிடத்துங்கள். பருத்தித் துணி பழையதாக, பலமுறை துவைத்து மென்மையானதாக, கஞ்சி போடாததாக இருக்கட்டும். கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து துணியைப் பிடித்து, பிடியிலிருந்து நுனியை நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். கூர்ப் பக்கத்தைச் சுற்றித் துணியை மடித்துப் பிடித்து இழுக்காதீர்கள். துணியையும் விரலையும் ஒன்றாக அறுத்துவிடும். நம் வயதில் தோல் மெலிந்திருக்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும் நம்மில் பலர். எனவே பார்வை மங்கியவர்களும் கை நடுங்குபவர்களும் அருகிலிருந்து சொல்லிக்கொடுக்க, இளையவர் ஒருவர் துடைப்பதே நல்லது.

பொட்டுக் காய்ந்து ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்ட வேண்டாம். துணியைச் சற்றே நனைத்துப் பிழிந்து அவ்விடத்தை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். கத்தியை நீரில் ஊற வைக்கவே கூடாது. வெந்நீரில் நிச்சயமாகக் கூடாது. நம் நாட்டுப் பழைய கத்திகள் பலவற்றில் பிடியின் உள்ளே அரக்கை உருக்கி ஊற்றிக் கத்தியின் வாலைப் பொருத்தியிருப்பார்கள். சூடு பட்டால் அரக்கு இளகிப் பிடி ஆடத் தொடங்கும். வெள்ளிப் பிடியைத் துலக்கும் பொடியும் கத்தியின் உடலில் படாமல், பிடியும் கத்தியும் சேரும் இடுக்கில் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலர்ந்த பின் எண்ணெய். ஆயுதத்துக்கு நெய் பூசுவது நமக்குப் புதிதன்று. தொண்டைமானின் படைக்கொட்டிலில் நெய் பூசி, மாலை சூட்டி வைத்திருந்த ஆயுதங்களை ஔவையார் கண்டு பாடிய செய்தி புறநானூற்றில் உள்ளது. ஆனால் நெய்யும் நல்லெண்ணெயும் நாளடைவில் கெட்டுப் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். அடிக்கடி எடுத்துத் துடைக்கும் கத்திக்கு அவை போதும். மாதக்கணக்கில் பெட்டியில் கிடக்கும் கத்திக்குத் தையல் இயந்திர எண்ணெயோ, மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினோ ஏற்றது. நான்கைந்து துளி போதும். பூசியபின், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் மட்டும் எஞ்சும்படி துடைத்துவிடுங்கள். அதன் பிறகு கத்தியின் உடலை விரலால் தொடாதீர்கள்.

வாளைத் தெய்வப் பொருளாகப் போற்றும் இன்னொரு நாடு ஜப்பான். அந்நாட்டு அரச குலத்தின் மூன்று புனிதப் பொருள்களில் ஒன்று வாள். அது நகோயா நகரின் அட்சுதா ஆலயத்துக்கு உரியதாகப் போற்றப்படுகிறது. வாள் வைத்திருக்கும் குடும்பத்தினர் அங்கே பழைய எண்ணெயை மெல்லிய தாளால் துடைத்து, நுண்ணிய கல்பொடியை லேசாகத் தட்டி, அதையும் துடைத்துவிட்டுப் புதிய எண்ணெய் பூசுவார்கள். அந்த எண்ணெய்க்குக் கிராம்பு மணம் உண்டு. உருவிய வாளுக்கு முன்னால் பேசுவதும் இல்லை. வாயிலிருந்து தெறிக்கும் ஈரம் மெருகில் பட்டால் கறை விழும் என்பதே காரணம். கதிர்காமத்தில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூஜை செய்வதை அறிந்த நமக்கு இந்த மரியாதை அந்நியமாகத் தோன்றாது.

ஏற்கெனவே துரு ஏறியிருந்தால் என்ன செய்வது? மேலாகப் படிந்த செந்துருவின் மீது எண்ணெயைத் தடவி ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு மூங்கில் சிம்பை மழுக்கிக்கொண்டு மெல்லத் தேய்த்துத் துணியால் துடையுங்கள். எஃகைவிட மென்மையானதால் மூங்கில் கீறல் விழாமல் துருவை மட்டும் கிளப்பும். ஒரே நாளில் போகாவிட்டால் மறுநாளும் செய்யுங்கள். குழி விழுந்துவிட்டால் அந்தக் குழி போகாது. துரு மேலும் பரவாமல் எண்ணெயிட்டுக் காப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய கத்தியின் உடலில் படர்ந்திருக்கும் ஒரே சீரான கருமை அழுக்கன்று. அது காலம் போர்த்திய போர்வை. அதை உரிக்க வேண்டியதில்லை.

உப்புத்தாள், இரும்பு நார், சாணைச் சக்கரம் ஆகிய மூன்றும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், கணவரை இழந்த அம்மையார் ஒருவர் அவருடைய பிச்சுவாவை ஆண்டுதோறும் பூஜையில் வைத்து வந்தார். அதன் பிடியருகே மாமனாரின் பெயரை உளியால் பொறித்திருந்தார்கள். தாயை மகிழ்விக்க எண்ணிய மகன், ஒரு பூஜைக்கு முன் அதைச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்து வாங்கி வந்தார். கத்தி கண்ணாடிபோல் மின்னியது. அம்மையார் அதைக் கையில் வாங்கி, பிடியருகே விரலால் தடவிப் பார்த்தார். "இது அவங்க கத்தி இல்லையேப்பா" என்று மட்டும் சொன்னாராம். எழுத்து முழுவதும் தேய்ந்து போயிருந்தது. துருவைக்கூட நிறுத்தலாம், தேய்த்து எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

எழுத்து மட்டுமன்று. தென்னாட்டு உருக்கில் செய்த பழைய வாள்களின் உடலில் நீரலை போன்ற வரிகள் இருக்கும். அந்த உருக்கின் இரகசியத்தை அறிய மைக்கேல் ஃபாரடே 1819-ஆம் ஆண்டிலேயே அதை ஆராய்ந்தார். சாணையில் தேய்த்தால் அந்த வரிகள் மறைந்துவிடும். கம்பியாக அடித்துப் பதித்த பொன் வேலைப்பாடும் உதிர்ந்துவிடும். உங்கள் வீட்டுக் கத்தியில் வரியோ எழுத்தோ பொன்வேலையோ தெரிந்தால், அருங்காட்சியகங்களில் உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் நிபுணர்களின் யோசனையைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

அடுத்து, வைக்கும் இடம். தோல் உறையில் செருகியபடி நெடுநாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பதனிடச் சேர்த்த பொருள்களும் இரும்பை அரிக்கும். வெல்வெட் உறையும் ஈரம் தேக்கும். உறையைத் தனியாகவும், கத்தியைத் தூய வெள்ளைத் துணியில் சுற்றித் தனியாகவும் ஒரே மரப்பெட்டியில் வைக்கலாம். கூர்ப் பக்கத்துக்கு அட்டையை மடித்து மூடியிட்டால் துணி அறுபடாது. செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது. மருந்துப் புட்டிகளோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் பெட்டிக்குள் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். சமையலறைச் சுவரையும் குளியலறைச் சுவரையும் ஒட்டிய அலமாரி வேண்டாம். பேரக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் பெட்டிக்குப் பூட்டு அவசியம்.

வெள்ளிப் பிடி இருப்பதால் வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாமா என்று பணிக்காலத்தில் என்னிடம் சிலர் கேட்டதுண்டு. ஆயுதங்களைப் பெட்டகத்தில் வைக்கலாகாது என்பது வாடிக்கையாளர் கையெழுத்திடும் ஒப்பந்தத்திலேயே உள்ள விதி. கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். அப்போதுதான் அதை எடுத்துப் பார்க்கும் வாய்ப்பும் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையும் திறந்து பார்த்து எண்ணெயைப் புதுப்பித்தால் போதும். அமாவாசை தர்ப்பணம் முடிந்த அன்றைக்கு இதை வைத்துக்கொண்டால் மறக்காது. முன்னோரை நினைக்கும் நாளில் முன்னோர் பொருளையும் தொட்டுப் பார்ப்பது பொருத்தம்தானே!

தேவி மாகாத்மியத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், தேவர்கள் ஒவ்வொருவரும் அம்பிகைக்கு ஓர் ஆயுதம் அளிக்கிறார்கள். வாளையும் மாசற்ற கேடயத்தையும் அளித்தவன் காலன். காலத்தின் கையிலிருந்து வந்த பொருளைக் காலமே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆயினும் அதை நம் தலைமுறையில் நம் அசட்டையால் இழக்க வேண்டுவதில்லை.

இவ்வாண்டு விஜயதசமியன்று உங்கள் பேரனையோ பேத்தியையோ அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அது யாருடைய கத்தி, எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிக்கொண்டே, துடைக்கும் முறையையும் காட்டிக்கொடுங்கள். வித்யாரம்பத்துக்கு உகந்த நாளில் அவர்கள் கற்கும் பாடங்களுள் இதுவும் ஒன்றாகட்டும். கத்தியோடு கதையும் பழுதின்றி அவர்கள் கைக்குச் சேர, துர்க்கையம்மன் அருள்புரிவாளாக.