பூனையும் நாயும் பெய்யட்டும், நம்ம பிள்ளைகளை விடுங்க

ஹுன்னஸ்கிரியவில் மழை வந்தால் மழைதான் வரும். நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து பனிமூட்டத்தோடு இறங்கி, கண்டி–மஹியங்கனை வீதியை மறைத்து, லயத்துத் தகரத்தை மணிக்கணக்கில் அடிக்கும். பூனையும் விழாது, நாயும் விழாது. ஆனால் டியூசன் போகிற பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியைப் பிரிச்சுப் பாருங்க. ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டோக்ஸ்’ எப்படியும் இருக்கும். இங்கிலாந்துக்காரர்களே இன்றைக்குப் பேச்சில் அபூர்வமாகச் சொல்லுகிற ஒரு தொடரை, கொழுந்தெடுக்கிற அம்மாவின் சம்பளத்தில் ஃபீஸ் கட்டி நம்ம பிள்ளை மனப்பாடம் பண்ணுது.

இதைத்தான் நான் எதிர்க்கிறேன். நூறு மரபுத்தொடரைப் பட்டியல் போட்டு ஒப்புவிக்க வைப்பதற்கு ஆங்கிலம் கற்பித்தல் என்று பெயர் வைக்காதீங்க. அது ஆள் கழிக்கிற வேலை. சிங்கள நண்பர்கள் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் ‘கடுவ’, அதாவது வாள். மேல்தட்டுக்காரர் அதை வைத்து மற்றவரை வெட்டுவார்கள் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். வாளுக்குக் கூர் தீட்டுவதே இந்த மாதிரித் தொடர்கள்தான். இலக்கணத்தைப் படித்துப் பிடிக்கலாம். மரபுத்தொடர் அந்த வீட்டில், அந்த வட்டத்தில் புழங்கினால்தான் வாயில் வரும். அதனால்தான் நேர்முகப் பரீட்சையில் யார் வெளியாள் என்று காட்டிக்கொடுக்க அது அவ்வளவு வசதியாக இருக்கு.

“அப்போ மரபுத்தொடரே வேண்டாமா?” என்று கேட்பீங்க. வேணும். அது மொழியின் உயிர். நம்ம தோட்டத்திலேயே பாருங்க. ‘அரைப்பேர்’ என்கிறோம். எடை குறைந்தால் அன்றைக்குப் பாதி நாள் சம்பளம் என்று அர்த்தம். இதைச் சொல்லுக்குச் சொல் ‘ஹாஃப் நேம்’ என்று ஆங்கிலத்தில் போட்டால் லண்டன் பேராசிரியருக்கும் தலை சுத்தும். அதுக்காக அவரை முட்டாள் என்று யாரும் சொல்ல மாட்டோம். அப்புறம் நம்ம பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்தப் பட்டம்?

எதை முதலில் படிப்பிக்கணும் என்பதுதான் கேள்வி. 1986இல் சுசான் இருஹோ என்ற ஆய்வாளர், ஸ்பானிய மொழி பேசும் மாணவர்களை வைத்து இதை ஆராய்ந்தார். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி இருக்கிற தொடர்கள் சுலபமாக வந்தன. கொஞ்சம் மாறுபடுகிற தொடர்களைப் புரிந்துகொண்டார்கள், ஆனால் சொல்லும்போது தாய்மொழி குறுக்கே வந்தது. முற்றிலும் வேறானவைதான் மிகக் கஷ்டம். நம்ம விஷயமும் இதுதானே? ‘முதலைக் கண்ணீர்’ ஆங்கிலத்திலும் முதலைக் கண்ணீர்தான். அதை ஒரு நிமிஷத்தில் பிடிச்சுக்கலாம். ஆனால் தமிழில் ‘கை நீளம்’ என்றால் திருட்டுப் பழக்கம். ஆங்கிலத்தில் நீளமான கை சட்டத்துக்குத்தான் உண்டு. வயிற்றெரிச்சலை அப்படியே மொழிபெயர்த்தால் மருந்து எழுதிக் கொடுத்துவிடுவாங்க. இந்த இடங்களைத்தான் வகுப்பில் உட்கார்ந்து பேசணும்.

சீன மொழி பேசுகிற மாணவர்களுக்கும் இதே பாடுதான். அவர்களிடம் ‘செங்யு’ என்று பெரும்பாலும் நாலெழுத்தில் அமைகிற தொடர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கு. நாம் செவிடன் காதில் சங்கு ஊதுகிறோம்; அவர்கள் மாட்டுக்கு யாழ் வாசிக்கிறார்கள். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது மட்டும் தமிழர், சீனர், ஆங்கிலேயர் மூவருக்கும் பொது. கொழும்புத் துறைமுக நகரத்தில் வேலைக்குப் போகிற நம்ம பையனும் அங்கே இருக்கிற சீன மேற்பார்வையாளரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கணும். உலகத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது தாய்மொழி இல்லை. அந்த ரெண்டு பேருக்கு நடுவில் பூனைக்கும் நாய்க்கும் என்ன வேலை?

இன்னொன்றும் கவனிங்க. சீனர்கள் வாங்க மட்டும் இல்லை, கொடுத்தும் இருக்காங்க. ஆங்கிலத்தின் ‘லூஸ் ஃபேஸ்’ சீனத்திலிருந்து போனது. ‘பேப்பர் டைகர்’, 1946இல் மாவோ ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் சொல்லி உலகமெங்கும் பரவியது. தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்கு ஒன்று போயிருக்கு: ‘பரையா’. ஒதுக்கப்பட்ட ஆளையும் நாட்டையும் குறிக்க இன்றைக்கும் செய்திகளில் கூச்சமில்லாமல் எழுதுறாங்க. பறையர் என்ற ஒரு மக்களின் பெயரைத்தான் அவர்கள் வசைச்சொல்லாக்கினார்கள். அந்த மக்களின் வழிவந்தவர்கள் நம்ம லயங்களிலும் இருக்கிறார்கள். சொல் பட்டியலில் அதைச் சும்மா எழுதிப்போடுகிற வாத்தியார், அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லணுமா இல்லையா?

2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்த அரசாங்கம், ‘நம்ம முறையில் ஆங்கிலம் பேசுவோம்’ என்று முழங்கியது. அதற்கு இரண்டு வருஷம் முன்னாடியே, 2007இல், மைக்கல் மெய்லர் இலங்கை ஆங்கிலத்துக்கு ஓர் அகராதியே வெளியிட்டிருந்தார். முழக்கமும் இருந்தது, புத்தகமும் இருந்தது. தோட்டத்துப் பிள்ளையின் கொப்பிக்கு ரெண்டுமே வந்து சேரவில்லை.

அதனால் நாம கேட்க வேண்டியது மூணு. மனப்பாடப் பட்டியலை நிறுத்துங்க. தமிழோடு ஒத்துப்போகிற தொடர்களிலிருந்து தொடங்குங்க. மற்றவற்றைப் பிள்ளைகள் வாசிக்கிற கதையிலும் கேட்கிற பேச்சிலும் எதிர்ப்படும்போது விளக்குங்க. புரிந்தால் போதும், பேசியே ஆகணும் என்று கட்டாயப்படுத்தாதீங்க. மரபுத்தொடர் தெரியாததுக்காக ஒரு பிள்ளைக்கு அரைப்பேர் போடுகிற வேலையை விட்டுடுங்க. அதன் அம்மாவுக்கு மலையில் போடுற அரைப்பேரே போதும்.