பழி டைனமோவுக்கு

மும்பை காந்திவலியில் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டிய அமோல் யாதவைச் சிலருக்கு நினைவிருக்கும். கட்டி முடித்த பிறகும் பதிவெண் வாங்க 2017 நவம்பர் வரை நடையாய் நடந்தார். ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில், ஊரடங்குக் காலத்தில், தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் நிறுவனம் பெட்டி பெட்டியாக அனுப்பிய பாகங்களைப் பூட்டி, நாலு பேர் போகும் விமானமாக்கி, 2022-ல் குடும்பத்தோடு பறந்தார். இறக்கை, ரிவெட், எஞ்சின் என்றுதான் செய்திகளில் வரும். ஆனால் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஒயரிங். அதிலும் ஆல்டர்னேட்டர் ஓவர் சார்ஜ்.

உச்சிப்புளி பருந்து தளத்துக் கடற்படை விமானங்களை அண்ணாந்து பார்ப்பதோடு நமக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு சரி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் விசைப்படகு வைத்திருக்கும் சம்மாட்டிகளுக்கு இந்தக் கோளாறு அத்துப்படி. ‘டைனமோ பேட்டரியக் கொதிக்க வைக்குது’ என்பார்கள். அதே சங்கதிதான்.

12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.6, 12.7 காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால் நலம். 15-ஐத் தாண்டினால் உள்ளே தண்ணீர் மளமளவென்று வாயுவாகப் பிரியும், நாளடைவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நம் சித்திரை வெயிலில் இன்னும் மோசம். பேட்டரி சூடேறச் சூடேற அதற்குத் தேவையான வோல்டேஜ் குறையும். 25 டிகிரியில் 14.4 சரியென்றால், 40 டிகிரியில் 14 போதும்.

எவ்வளவு கொடுப்பது என்று ஆல்டர்னேட்டர் தானாக முடிவு செய்வதில்லை. ரெகுலேட்டர், நம் பட்டறைகளில் கட்டவுட், ஒரு ஒயர் வழியாக வோல்டேஜைப் பார்க்கும். குறைந்தால் ஃபீல்டு கரண்டைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். வீட்டில் கட்டும் விமானங்கள் பலவற்றில் அந்த ஒயர் பேட்டரியிலிருந்து நேராகப் போவதில்லை. பிரேக்கர், சுவிட்ச், நாலைந்து லக் என்று ஊர் சுற்றிவிட்டுப் போகிறது. வருஷம் ஆக ஆக ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் இறங்கும். மொத்தத்தில் 1 வோல்ட் இறங்குகிறது என்று வையுங்கள். ரெகுலேட்டர் கண்ணுக்கு 14.2 தெரிய வேண்டுமானால் பேட்டரியில் 15.2 ஏறியாக வேண்டும். அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது, அதற்குக் கிடைக்கும் தகவல்தான் தப்பு. இது புரியாமல் ஆல்டர்னேட்டரை மாற்றுவார்கள், ரெகுலேட்டரை மாற்றுவார்கள். புதுசும் அதே 15.2-ல் போய் நிற்கும்.

கண்டுபிடிப்பது எளிது. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதை ரெகுலேட்டரின் பார்க்கும் ஒயரிலும் வைத்தால், இடையில் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துவிடும். 0.1, 0.2-க்குள் இருந்தால் ஒயர் யோக்கியம். நெகட்டிவ் பக்கம் ரெகுலேட்டரின் உடம்போடு இதே சோதனை. இரண்டும் சுத்தம், வோல்டேஜ் மட்டும் ஏறுகிறது என்றால் அப்போது ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். போர்டில் இருக்கும் மீட்டரை மட்டும் நம்பி இதில் இறங்க வேண்டாம், அதுவே பொய் சொல்லும்.

படகில் கதை வேறு மாதிரியும் போகும். சமீபத்தில் தங்கச்சிமடத்தில் ஒரு படகைப் பார்த்தேன். 24 வோல்ட், இரண்டு பேட்டரி தொடர் இணைப்பில். ஒன்று கொதிக்கிறது, இன்னொன்று விடியற்காலையில் ஸ்டார்ட்டரைத் திருப்பவே திணறுகிறது. டைனமோ மாற்றியும் ஆயிற்று. “மொத்தமா 28 தாண்ணே வருது, அங்கிட்டு என்ன தப்பு?” என்று எலெக்ட்ரீஷியன் தம்பி மீட்டரை நீட்டினான். தனித்தனியே வைத்துப் பார்க்கச் சொன்னேன். மேல் பேட்டரியில் 15.3, கீழ் பேட்டரியில் 12.9. கீழ் பேட்டரியின் முனையிலிருந்து ஒரு சிவப்பு ஒயர் கிளம்பி ஜி.பி.எஸ்., வயர்லெஸ், பாட்டுப் பெட்டி என்று போயிருந்தது. எல்லாம் 12 வோல்ட் சாமான்கள். ராத்திரியெல்லாம் அவற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கீழ் பேட்டரி பாதி காலியாக நிற்கிறது. இரண்டுக்கும் சேர்த்து வரும் சார்ஜில் மேல் பேட்டரி முதலில் நிறைந்து, மிச்சத்தையெல்லாம் கொதித்துத் தீர்க்கிறது. அந்தச் சாமான்களுக்கு 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டு, பேட்டரிகளைத் தனித்தனியே சார்ஜ் ஏற்றினார்கள். கொதிப்பு நின்றது.

போதாக்குறைக்கு நம் உப்புக் காற்று. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை அரித்து, 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்த வைத்த காற்று இது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. சுண்டுவிரல் நுனியளவு செம்பு லக் எம்மாத்திரம்? ஒயரின் மேல்தோல் பளபளவென்று இருக்கும். அரை அங்குலம் சீவினால் உள்ளே கம்பி கறுத்து, லக்கின் கழுத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கொஞ்ச நாளைக்குத் தாங்கும், அவ்வளவுதான். கறுப்பு முடியும் இடம்வரை வெட்டி எறிந்துவிட்டு, ஈயம் பூசிய செம்பு ஒயரும் லக்கும் போட்டு, மேலே கிரீஸ் தடவுவதே சரி.

விமானக்காரர்களிடம் படகுக்காரர்கள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவின் விச்சிட்டாவைச் சேர்ந்த பாப் நக்கல்ஸ் என்ற மின்பொறியாளர் பல்லாண்டாக வலியுறுத்திய ஏற்பாடு அது. வோல்டேஜ் 16-ஐ ஒட்டி எகிறினால், ஒரு சின்னச் சாதனம் ஃபீல்டு ஒயரை வேண்டுமென்றே எர்த்தோடு ஷார்ட் செய்து பிரேக்கரைத் தட்டிவிடும். ஃபீல்டு போனால் ஆல்டர்னேட்டர் வெறுமனே சுற்றும். ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் கார் வகையில் இது செல்லாது, வெளிச் சுவிட்சை அணைத்தாலும் நிற்காமல் போகலாம். அங்கே வெளியே வரும் பெரிய ஒயரையே துண்டிக்கும் ரிலே வேண்டும்.

அவர்கள் செத்தாலும் செய்யாத ஒன்றை நாம் தினமும் செய்கிறோம். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி லக்கைப் பிடுங்கி, ‘டைனமோ வேலை செய்யுதா’ என்று பார்ப்பது. வந்துகொண்டிருக்கும் கரண்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்டேஜ் ஒரு நொடிக்குள் பல மடங்கு எகிறி, நல்ல டயோடையும் ஜி.பி.எஸ்.ஸையும் சேர்த்துக் கொல்லும். லித்தியம் பேட்டரிக்கு மாறுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஓவர் சார்ஜ் ஆனால் அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று தானே துண்டித்துக்கொள்ளும். விளைவு, லக்கைப் பிடுங்கியது போலத்தான்.

ஆகவே சம்மாட்டிமாரே, டைனமோவை மாற்றச் சொல்கிறவரிடம் மூன்று எண் கேளுங்கள்: ஒவ்வொரு பேட்டரியிலும் தனித்தனியே எவ்வளவு, பேட்டரிக்கும் கட்டவுட்டுக்கும் நடுவே எவ்வளவு இறங்குகிறது, எர்த் பக்கம் எவ்வளவு. மூன்றையும் சொல்லத் தெரியாதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.