செயலணி போகலாம், பொறுப்பு போகக் கூடாது



2020இல் பொருளாதார மறுமலர்ச்சிக்கும் வறுமை ஒழிப்புக்கும் என்று ஒரு ஜனாதிபதி செயலணி அமைத்தார்கள். இன்று அந்தச் செயலணி இல்லை. வறுமை லயத்திலேயே இருக்கிறது.

காலம் கடந்த செயலணிகளைக் கலைப்பதை நாம் எதிர்க்கவில்லை. அமெரிக்காவில் காகித உணவுக் கூப்பனை மின்னணு அட்டையாக மாற்ற 1993இல் ஒரு செயலணி அமைத்தார்கள். 2004க்குள் எல்லா மாநிலங்களுக்கும் அட்டை வந்துவிட்டது. வேலை முடிந்த பிறகு அப்படியொரு குழுவுக்குக் கதிரையும் வாகனமும் எதற்கு?

நம் நாட்டில் அந்த வேலை முடியவில்லை. சமுர்த்தி இருந்த இடத்துக்கு 2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. இடையில் யார் கையும் படாதது நல்லதே. ஆனால் யாருக்குப் பணம் என்பதை 22 அளவுகோல்களுக்குப் போடும் புள்ளிதான் தீர்மானிக்கிறது. ஒரே லயக் காம்பராவில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இரண்டு அடுப்பு வைத்து வாழ்வதை அந்தக் கணக்கு சரியாகப் பார்த்ததா? காணி உறுதி இல்லாதவர் எந்த விலாசத்தைக் கொடுப்பார்?

2025 ஜனவரி முதல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா, வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா. பெயர் விடுபட்டால் இழப்பு சிறியதல்ல. மேன்முறையீடு செய்யலாம் என்கிறார்கள். அதற்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கும் தாய்க்கு அன்றைய பேர் விழாது. கொழுந்துக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. மாலையில் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பத்தோடு வந்து, “டீச்சர், இதில் என்ன எழுதியிருக்கு?” என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது கந்தோர் யன்னலிலும் தெரிய வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கை மூன்று. எந்தக் குழுவைக் கலைத்தாலும், அதன் கோப்புகளுக்கு இனி யார் பொறுப்பு என்பதை முதலில் அறிவிக்க வேண்டும். குண்டசாலைப் பிரதேச செயலகத்தில் அஸ்வெசும வேலைக்குத் தமிழில் பேசி எழுதும் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பிரட்டுக்களத்திலேயே நடமாடும் சேவை நடத்த வேண்டும்.

பெயர் விடுபட்டவர்கள் அடையாள அட்டைப் பிரதியையும் கிடைத்த கடிதங்களையும் உங்கள் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். தனியாகப் போனால் “நாளைக்கு வா” என்பார்கள். பட்டியலோடு சங்கமாகப் போவோம்.