தலை எண்ணும் அச்சம்

இராயப்பர் பெயர் தாங்கிய இராயபுரத்தில், ஜும்ஆ முடிந்து வெளிவருகையில் நம்மவர் ஒருவர் முறையிட்டார்: “கிறிஸ்தவர்கள் பெருகிவிட்டார்கள், ஹஜ்ரத்!” வெட்கினேன். தமிழகத்தில் அவர்கள் 2001-இல் நூற்றுக்கு 6.07, 2011-இல் 6.12. இதுவா பெருக்கம்? நாமோ அதே பத்தாண்டில் 5.56-லிருந்து 5.86 ஆனோம்; அன்பரின் அளவுகோல் முதலில் விழுவது நம் முதுகில்தான்! கேரளத்தில் அவர்கள் 19.02-லிருந்து 18.38-ஆகக் குறைந்தனர், குடும்பங்கள் சிறுத்தன, பிள்ளைகள் கடல் கடந்தனர்.

“மதத்தை மறைத்து எழுதுவோர் உண்டே” என்றார். இருக்கலாம். கிறிஸ்தவரான தாழ்த்தப்பட்டோருக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுப்பது 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையன்றோ? மறைப்பவரைப் பழிப்பானேன்? அதே ஆணை இஸ்லாத்தைத் தழுவிய தாழ்த்தப்பட்டோருக்கும் கதவடைத்திருக்கிறது. அதைப் பற்றி அன்பர் ஒரு சொல்லும் பேசவில்லை.