மஞ்சள் பூசிய அம்மா

சென்ற இதழில் கப்பி மீன்களைப் பற்றி எழுதினேன் அல்லவா? "கப்பி குட்டி போட்டுவிட்டு அதையே விழுங்குகிறதே, குழந்தையை வளர்த்து ஆளாக்குகிற மீனே கிடையாதா மாமி?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உண்டம்மா. அதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் ஒரு பாவத்தைச் செய்துவிட்டேன்.

குள்ள சிக்லிட் என்று ஒரு வகை மீன். நான் வாங்கியது காக்கட்டூ சிக்லிட். அதன் பிறந்த வீடு தென் அமெரிக்காவின் அமேசான் நதிப் பக்கம். ஆண் சுமார் 8 செ.மீ. வளரும். முதுகுத் துடுப்பின் முன்பகுதி காக்கட்டூக் கிளியின் கொண்டை மாதிரி நிமிர்ந்து நிற்கும். பெண்ணோ 5 செ.மீ. தான், துடுப்பு குட்டை, நிறமும் மங்கல். கடைக்காரர் "ஜோடி" என்றபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

மூன்றாவது வாரம் அந்தச் சின்னது, மஞ்சள் பூசிக் குளித்தவள் மாதிரி பளிச்சென்று மாறிற்று. கண்ணையொட்டிக் கறுப்புக் கோடு வேறு! தன்னைப்போல் இரண்டு பங்கு இருக்கிற ஆணைத் துரத்தித் துரத்திக் கடித்தது. "ஐயோ, இந்தக் குட்டிப் பிசாசு அவனைக் கொன்னுடும் போலிருக்கே!" என்று வலையைப் போட்டு அதைப் பிடித்து வாளியில் விட்டேன்.

மறுநாள் காலை, தொட்டியில் கவிழ்த்திருந்த கொட்டாங்குச்சிக்குள்ளிருந்து ஆண் மீன் வாயை மென்றுகொண்டே வெளியே வந்தது. தூக்கிப் பார்த்தேன். உள்கூரையில் செம்மஞ்சளாக நாலைந்து முட்டைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றதெல்லாம் அப்பன் வயிற்றில்! வாளியில் மஞ்சள் மாறாமல் சுற்றிச் சுற்றி வந்த அந்தத் தாயைப் பார்க்க என் மனசு கேட்கவில்லை.

பிறகுதான் விவரம் தெரிந்தது. இந்த மீன்களில் முட்டைக்கும் குஞ்சுக்கும் அம்மாதான் காவல். அப்பா வெளி எல்லையைக் காப்பதோடு சரி. ஆற்றில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று குடும்பம்கூட உண்டு! சின்னத் தொட்டியில் சண்டை முற்றினால் எடுக்க வேண்டியது அப்பாவை, அம்மாவை அல்ல.

அடுத்த முறை மஞ்சள் ஏறியதுமே ஆணை வேறு தொட்டிக்கு மாற்றினேன். மூன்று நான்கு நாளில் முட்டை பொரிந்தது. இன்னும் ஐந்தாறு நாளில் கடுகு மணிகள் போல் குஞ்சுகள் அம்மா பின்னால் ஊர்வலம் கிளம்பின. அவள் துடுப்பைச் சட்டென்று உதறினால் போதும், அத்தனையும் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். வழி தப்பியதை வாயில் கவ்விக் கொண்டுவந்து சேர்ப்பாள்.

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: இரண்டடித் தொட்டி வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய கொட்டாங்குச்சியில், பெண் மட்டும் நுழைகிற அளவுக்கு வாசல் வைத்துக் கவிழ்த்துவிடுங்கள். குஞ்சுகளை உறிஞ்சாத ஸ்பாஞ்ச் ஃபில்டர் நல்லது. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிவிட்டு ஊற்றுங்கள். நீந்தும் குஞ்சுகளுக்கு அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா கொடுங்கள். ஒன்று ஜாக்கிரதை: இளம் ஆண்கள் சில சமயம் பெண் போலவே இருக்கும். அதனால் ஐந்தாறு குட்டிகளாக வாங்கி வளரவிட்டு, ஜோடி சேர்ந்த பிறகு பிரித்துக்கொள்ளுங்கள்.

அப்போது என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். யார் குழந்தையைத் தூக்கினாலும் "கொடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று வெடுக்கென்று வாங்கிக்கொள்வாள். "இவளுக்கு என்ன இவ்வளவு கோபம்?" என்று நானும் முணுமுணுத்தது உண்டு. மீன் குஞ்சுகளைப் பார்த்த பிறகு அவள் அப்படிச் சொன்னால், "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்கச் சமையலறைக்குப் போய்விடுவேன்.