விளையாடுவோர் கூட்டத்தில் தேக்கம்

ஓடும் நீர் தெளிந்திருக்கும். தேங்கிய நீர் பாசி பிடிக்கும். இவ்வுண்மை ஆற்றுக்கும் குளத்துக்கும் மட்டும் உரியதன்று. மக்கள் விரும்பிக் கூடும் எவ்வகைக் கூட்டத்திற்கும் உரியதாம். ஒரு கூட்டம் தோன்றிய முதலாண்டில் ஆர்வம் கரைபுரண்டு ஓடுகின்றது. இரண்டாம் ஆண்டில் வழக்கம் வேரூன்றுகின்றது. மூன்றாம் ஆண்டிலோ வழக்கம் ஒன்றே எஞ்சி நிற்கின்றது. வீடியோ கேம் என இன்று யாவரும் வழங்கும் திரைவிளையாட்டுகளை விரும்பி ஆடுவோரின் கூட்டத்தில் இத்தேக்கம் எங்ஙனம் உண்டாகின்றது, அதனை நீக்குமாறு யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். மாணவர் பலர் தம் மாலைப்பொழுதில் ஒரு பகுதியை இவ்விளையாட்டுகளிற் செலவிடுகின்றனர் என்பது மறைக்க வேண்டாத செய்தி. அவ்வளவு காலத்தைக் கொள்ளும் ஒன்றைப் பற்றிச் சிந்தியாதிருத்தலே குற்றமாகுமன்றிச் சிந்தித்தல் குற்றமாகாது. மேலும், ஒருவன் ஒன்றை விரும்புவானாயின், அவ்விருப்பத்திற்குக் காரணங் கூற வல்லனாதல் வேண்டும். காரணங் கூறவியலாத விருப்பம் நாளடைவில் வெறும் பழக்கமாய்த் தேய்ந்துவிடும்.

தேக்கத்தின் அறிகுறிகளைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. எம் விடுதியில் இரவுணவிற்குப் பின் கூடும் நண்பர் குழாம் ஒன்றுண்டு. அங்கே, ‘உமக்கு மிக உவப்பான விளையாட்டு யாது?’ என்னும் வினா கிழமைதோறும் எழும். விடையும் கிழமைதோறும் ஒன்றே. நான்கைந்து பெயர்கள் வாய்பாடுபோல் ஒப்பிக்கப்படும், ‘ஏன்?’ என்று கேட்பாரில்லை. கேட்பினும், ‘ஆடிப் பார்த்தால் தெரியும்’ என்பதற்குமேல் மறுமொழி பிறப்பதில்லை. முதலாண்டு மாணவன் ஒருவன் ஒருநாள் தயங்கித் தயங்கித் தான் கைபேசியில் ஆடும் எளிய விளையாட்டொன்றின் பெயரைச் சொன்னான். அவையோர் நகைத்தனர். அவன் மறுநாள் வரவில்லை, அதன்பின்னும் வரவில்லை. ஒரு கூட்டம் தேங்கிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? புதியவன் நுழையும் வாயில் அடைபட்ட அன்றே அக்கூட்டத்தின் முதுமை தொடங்கிவிடுகின்றது.

இத்தேக்கத்திற்குக் காரணம் யாது எனின், ‘புதிய விளையாட்டுகள் போதிய அளவில் வருவதில்லை’ என்பர் சிலர். இக்கூற்று வரலாற்றொடு பொருந்துவதாய்த் தோன்றவில்லை. அமெரிக்க நாட்டில் 1982ஆம் ஆண்டில் புதிய விளையாட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. அட்டாரி நிறுவனத்தின் பொறிக்கு ஏற்றனவாக எண்ணிறந்த விளையாட்டுகள் கடைகளிற் குவிந்தன. புகழ்பெற்ற ‘ஈ.டி.’ திரைப்படத்தைத் தழுவிய விளையாட்டொன்று, பண்டிகைக் கால விற்பனையை முன்னிட்டு, ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் ஆக்கி முடிக்கப்பட்டது. விளைவு என்ன? விற்காத சரக்கு மலைபோற் குவிந்தது. 1983இல் அத்தொழிலே அந்நாட்டில் சரிந்து வீழ்ந்தது. அந்நிறுவனம் தன் விற்காப் பொருள்களை நியூ மெக்ஸிகோ மாநிலத்து அலமகோர்தோ நகரின் குப்பைமேட்டிற் புதைத்தது; 2014ஆம் ஆண்டில் அவ்விடத்தை அகழ்ந்தபோது அவ்விளையாட்டுப் பேழைகள் மீண்டும் வெளிப்பட்டன. வரவு மிகுதியாயின் தேக்கம் நீங்கும் என்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக. வெள்ளமும் குளத்தை உடைக்கும்.

இனி, ‘இவ்விளையாட்டிற் காண வேண்டுவன யாவும் கண்டாயிற்று, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று சோர்ந்து கூறுவாரும் உளர். அவர்களுக்கு டெட்ரிஸ் என்னும் விளையாட்டின் வரலாற்றைக் காட்டுவேம். 1984ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில் அலெக்ஸி பஜித்னோவ் என்பார் இதனை ஆக்கினார். நான்கு சதுரங்கள் இணைந்த ஏழுவகைக் காய்கள் மேலிருந்து விழும். அவற்றை இடைவெளியின்றி அடுக்கினால் நிரம்பிய வரி மறையும். இத்துணையே இதன் இலக்கணம். 1989இல் நின்டெண்டோ நிறுவனம் தன் பொறிக்கென வெளியிட்ட வடிவத்தில் நிலை ஏற ஏறக் காய்கள் விழும் விரைவும் ஏறும். 29ஆம் நிலையில், இருபது வரி உயரத்தையும் ஒரு காய் நொடியில் மூன்றிலொரு பங்கிற் கடந்துவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்துக் காயை ஓரத்திற்கு நகர்த்த முயன்றால், ஓரம் எய்துமுன் காய் தரையைத் தொட்டுவிடும். ஆதலின் இருபதாண்டுகட்கு மேலாக, ‘29ஆம் நிலையே முடிவு, அதற்கப்பால் மனிதன் செல்லவியலாது’ என்பதே ஆடுவோர் துணிபாயிருந்தது.

அத்துணிபு எங்ஙனம் தகர்ந்தது? விளையாட்டில் ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை. ஆடுவோர் கையே மாறியது. தோர் ஆக்கர்லண்ட் என்பார் பொத்தானை அழுத்திப் பிடியாது, நொடிக்குப் பத்துமுறைக்குமேல் தட்டும் முறையைக் கைக்கொண்டு, 2011இல் 30ஆம் நிலையைத் தொட்டார். 2010 முதல் 2017 வரை நடந்த எட்டு உலகப் போட்டிகளில் ஏழில் வாகை சூடியவர் ஜோனாஸ் நியூபவர். 2018ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில் அவரை வென்றவன் ஜோசஃப் சேலி என்னும் பதினாறு வயது இளைஞன். அவன் கையாண்டதும் அவ்விரைவுத் தட்டுதலே. தோற்ற நியூபவர் முகங்கோணாது அவ்விளைஞனை மனமாரப் பாராட்டினார். இதன்பின், விளையாட்டு வெளிவந்தபோது பிறந்திராத சிறுவர் பலர் இக்கூட்டத்துட் புகுந்தனர். 2020ஆம் ஆண்டின் வாகையாளருக்கு வயது பதின்மூன்றே.

அப்பாலும் வளர்ச்சி நின்றபாடில்லை. ஒரு கையின் பெருவிரலைப் பொத்தான்மேல் நிறுத்தி, மற்றொரு கைவிரல்களாற் கைக்கருவியின் பின்புறத்தை வரிசையாய்த் தட்டும் புதுமுறையொன்று தோன்றியது. மத்தளத்தில் விரல்கள் ஓடுவதை ஒருவாறு ஒப்பது இம்முறை. இம்முறையால் ஆடுவோர் நூறு நிலைகளையும் கடந்தனர். நிரலெழுத வல்லார் விளையாட்டின் உள்ளமைப்பை ஆராய்ந்து, மிக உயர்ந்த நிலைகளில் அது தானே செயலிழந்து நின்றுவிடும் இடங்களைக் கணக்கிட்டுரைத்தனர். 2023 டிசம்பர் 21ஆம் நாள், ஓக்லஹோமா மாநிலத்துப் பதின்மூன்று வயதுச் சிறுவன் வில்லிஸ் கிப்சன் 157ஆம் நிலையை எய்தியபோது, விளையாட்டுத் தன் ஆற்றல் ஒடுங்கி அப்படியே நின்றுவிட்டது. முப்பத்துநான்கு ஆண்டுகளாக மனிதனைத் தோற்கடித்து வந்த பொறி அன்று மனிதனுக்குத் தோற்றது. எல்லை விளையாட்டில் இருந்ததா, ஆடுவோர் எண்ணத்தில் இருந்ததா என்பதைப் படிப்போர் தாமே முடிவு செய்க.

இவ்வரலாற்றில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. புதுமுறை கண்டார் அதனை ஒளித்து வைக்கவில்லை, பிறர்க்குக் காட்டினர். காட்டவே, கற்றவர் கற்பித்தவரை விஞ்சினர். விஞ்சப்பட்டோர் அதனை இழிவாகக் கருதவில்லை. கூட்டம் உயிரோடிருப்பதற்கு இப்பண்பே காரணமென்பது எம் கருத்து.

மற்றொரு சான்று டூம் என்னும் விளையாட்டு. 1993 டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தார் இதனை வெளியிட்டபோது, நிலப்படங்களும் ஓவியங்களும் ஒலிகளும் அடங்கிய கோப்பினை, விளையாட்டை இயக்கும் நிரலினின்றும் வேறாக அமைத்தனர். அதனால், ஆடுவோர் தாமே புதிய களங்களை வரைந்து சேர்க்க இயன்றது. 1997இல் அந்நிரலின் மூலத்தையும் அவர்கள் யாவர்க்கும் திறந்து வைத்தனர். அன்று தொட்டு இன்றளவும் அவ்விளையாட்டிற்குப் புதிய களங்களை ஆர்வலர் ஆக்கிய வண்ணம் உளர். 2004 முதல் அவற்றுட் சிறந்தனவற்றுக்கு ஆண்டுதோறும் பாராட்டும் வழங்குகின்றனர். முதற்கண் அதனை ஆக்கியோருள் ஒருவராகிய ஜான் ரோமெரோவே 2019இல் திரும்பி வந்து புதிய பகுதியொன்றைச் சேர்த்தாரெனின், அக்கூட்டத்தின் இளமையை என்னென்பது! குருதி மலிந்த அவ்விளையாட்டை யாவர்க்கும் ஏற்றதெனப் புகல்வேமல்லேம். ஆயினும், நுகர்வோனை ஆக்குவோனாக்கும் வாயில் திறந்திருப்பின் தேக்கம் அணுகாது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று யாம் அறியேம்.

இனி, உவப்பான விளையாட்டுகளைப் பட்டியலிடும் வழக்கத்தைப் பற்றிச் சிறிது கூறுவேம். பட்டியல் தன்னளவிற் குற்றமுடையதன்று; காரணமற்ற பட்டியலே குற்றமுடையது. எமக்கு உவப்பானவற்றுள் ஒன்று, 2019இல் வெளிவந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ என்பது. சிறியதொரு ஞாயிற்றுக் குடும்பத்தில் ஆடுவோன் விண்கலத்திற் சுற்றித் திரிகின்றான். இருபத்திரண்டு நிமிடங்களில் ஞாயிறு வெடித்துச் சிதற, யாவும் தொடங்கிய இடத்திற்கே மீள்கின்றன. அவன் ஈட்டிய படைக்கலமும் இல்லை, பொருளும் இல்லை. அறிந்த அறிவு ஒன்றே அவனுடன் மீள்கின்றது. முன் அடைபட்டிருந்த வழி பின்னர்த் திறப்பது திறவுகோல் கிடைத்தமையாலன்று, வழியை அறிந்தமையால். கல்வியைப் பற்றி இவ்வளவு நுட்பமாய் எடுத்துக்காட்டும் வேறொரு விளையாட்டை யாம் ஆடியதில்லை. ஆதலின் அஃது எமக்கு உவப்பாயிற்று. இக்காரணத்தை மறுப்பார் மறுக்கலாம். மறுப்புப் பிறக்குமாயின் உரையாடல் பிறந்தது. உரையாடல் பிறந்தால் தேக்கம் உடைந்தது. தொல்காப்பிய நூற்பா ஒன்றற்கு இளம்பூரணர் ஓருரை கூற, நச்சினார்க்கினியர் வேறுரை கூறியமையாலன்றோ அந்நூற்பா இன்றும் வகுப்பறையில் வாழ்கின்றது?

ஒன்றையே திரும்பத் திரும்பப் புகழ்வதில் மற்றொரு கேடும் உண்டு. பேசப்படாதவை மறக்கப்படும்; மறக்கப்பட்டவை அழியும். அமெரிக்க நாட்டில் 2010க்கு முன் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் நூற்றுக்கு எண்பத்தேழு இன்று கடையில் விலைக்குக் கிடைப்பதில்லை என 2023ஆம் ஆண்டில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளையினர் ஆய்ந்து வெளியிட்டனர். ஓலைச்சுவடிகளைச் செல்லரிக்கவிட்ட துயரை அறிந்த தமிழ் மாணவருக்கு இவ்விழப்பின் தன்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நான்கைந்து பெயர்களையே நாம் ஓதிக்கொண்டிருப்போமாயின், எஞ்சியவற்றைத் தேடிக் காப்பார் யாவர்?

‘விளையாட்டு இளைப்பாறுதற்கு உரியது, அதில் இத்துணை முயற்சி எதற்கு?’ என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். இளைப்பாறுதல் நன்றே, அதனை யாம் மறுக்கவில்லை. தனியே இருந்து இளைப்பாறுவார்க்கு எவ்விதியும் இல்லை. ஆனால் பலர் கூடி ஒரு கூட்டமாய் அமைந்தபின், அக்கூட்டத்திற்கு உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏதேனும் கொணர்தல் வேண்டும். எல்லாரும் உண்ண வந்து, சமைப்பார் ஒருவரும் இல்லாத வீட்டில் அடுப்பு எத்தனை நாள் எரியும்?

ஆகவே நண்பர்காள், விளையாட்டை விரும்பும் உங்களுக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். உங்களுக்கு உவப்பானதன் பெயரைச் சொல்லும்போது அதன் காரணத்தையும் உடன் சொல்லுங்கள். திங்களுக்கு ஒருமுறையேனும், கூட்டத்தில் எவரும் பேசாத விளையாட்டு ஒன்றை, பழையதாயினும் எளியதாயினும், ஆடி வந்து அதன் குணங்குற்றங்களை எடுத்துரையுங்கள். இவ்விரண்டினும் முதன்மையானது, புதிதாய் வருவான் ஒருவன் தன் விருப்பத்தைக் கூறும்போது நகையாது கேளுங்கள். நீங்கள் அறிந்த நுட்பத்தை அவனுக்குக் காட்டுங்கள். அவன் உங்களை வெல்வானாயின் எழுந்து கை கொடுங்கள். புது நீர் வரும் வாய்க்காலை அடைத்துவிட்டுக் குளம் நாறுகின்றதென்று மூக்கைப் பிடிப்பதிற் பயனில்லை. மடையைத் திறக்கும் மண்வெட்டி நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்றது.